கயிறு பிடிக்கிறவர் கீழே பார்க்கக் கூடாது

நூகராஜு அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு கல்குவாரியில் படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் சேஷகிரி சாரிடம் கடைசி உதவியாளனாகச் சேர்ந்த முதல் நாள். புது ஷூ போட்டிருந்தேன். பையில் என் டிகிரி சர்டிபிகேட்டின் நகல் இருந்தது. சினிமாவில் அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அப்போது தெரியாது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். ஊர் ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம், வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கும் கூச்சமில்லை, இன்றைக்கும் இல்லை.

சித்திரை மாதத்து மதியம். குவாரியில் மரம் கிடையாது. வெள்ளைப் பாறைகள் கீழேயிருந்தும் வெயிலைத் திருப்பி அடித்தன. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சதுரமாக நிழல் கிடந்தது. மேலே பெரிய குழாய்ச் சட்டத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நான் போய் அதன் கீழே நின்றேன்.

"தம்பி, அந்த நிழல் மேடத்துது. வெளிய வாங்க."

திரும்பிப் பார்த்தேன். தலையில் துண்டு, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிறு, முகம் வானத்தைப் பார்த்தபடி ஒருவர். என் ஷூ சரளைக் கல்லில் போட்ட சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"என்னையா சொல்றீங்க?"

"வேற யாரு? மத்தவங்க எல்லாம் வெயில்லதான நிக்கிறாங்க."

"மேடம் இன்னும் வரலியே."

"நிழல் வந்துருச்சுல்ல. மொதல்ல நிழல் வரும், அப்புறந்தான் மேடம் வருவாங்க. என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. பிசிக்ஸ்."

"ஆய்," என்றார். கோதாவரிக்காரர்கள் எதற்கும் மரியாதையாகச் சொல்லும் 'ஆய்'. "அப்ப சூரியனப் பத்தித் தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. காலையிலேருந்து நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல."

லைட்மேன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யூனிட்டில் என் பெயர் டிகிரி. கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் ஒவ்வொரு முறை யாராவது அப்படிக் கூப்பிடும்போதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதை மறைப்பானேன்.

அந்தத் துணிக்கு எங்கள் தொழிலில் ஸ்கிம்மர் என்று பெயர். உச்சி வெயிலில் அப்படியே படம் எடுத்தால் கண் இரண்டும் குழியாகிவிடும், எந்த அழகியின் மூக்குக்குக் கீழேயும் மீசை முளைத்துவிடும். சூரியனுக்கும் முகத்துக்கும் நடுவில் இந்தத் துணியைப் பிடித்தால் வெயில் துணி முழுவதும் பரவி, உடைந்து, மெதுவாக இறங்கும். துணி எவ்வளவு தாழ்கிறதோ முகம் அவ்வளவு கனியும். ரொம்பத் தாழ்த்தினால் துணியே படத்தில் வந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் அதை அசையாமல் நிறுத்துவதற்காக நாலு மூலையிலும் கயிறு, கயிற்றுக்கு ஒரு ஆள்.

கயிறு பிடிக்கிறவருக்கு ஒரே விதி. மேலேதான் பார்க்க வேண்டும். காற்று முதலில் துணியின் வயிற்றில் தெரியும், அப்புறம்தான் கயிற்றுக்கு வரும். துணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காற்றுக்கு முந்திக்கொண்டு இறுக்கிவிடுவார். கீழே நடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் சட்டம் பாய்மரப் பாய் மாதிரி எழும்பும். ஆளையே தூக்கிப் போட்டிருக்கிறது.

நூகராஜு அண்ணன் இந்த விதியை மதம் மாதிரி வைத்திருந்தார். ஒருநாள் ஹைதராபாத்தில், சினிமாக்காரர்கள் குடியிருக்கும் கிருஷ்ணா நகர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டர்.

"இந்தப் பொண்ணு யாரு டிகிரி? புதுசா?"

"அண்ணே, போன மாசம் பூரா இவங்களுக்குத்தான் நிழல் பிடிச்சீங்க."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்படியா. நல்லாத்தான் இருக்காங்க."

லைட்மேன்களின் தலைவர் மஸ்தான் பாய் பக்கத்தில்தான் இருந்தார். எப்போதும் வானத்தைப் பார்ப்பதால் நூகராஜு அண்ணனுக்கு அவர் வைத்த பெயர் மேகராஜு. "இவன் பொண்டாட்டி முகமாவது ஞாபகம் இருக்கான்னு கேளு. மேகராஜு, மேலயே பாத்துக் குடும்பம் நடத்துறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நூகராஜு அண்ணனும் சிரித்தார். ஆனால் டீயை முடிக்காமல் கீழே ஊற்றிவிட்டார்.

அவர் மனைவி வீரவேணி அப்போது குவைத்தில் இருந்தார். அமலாபுரம் பக்கம் கோதாவரிக்கு நடுவில் இருக்கும் ஒரு லங்கை, அதாவது ஆற்றுத் தீவு, இரண்டு பேருக்கும் ஊர். அங்கே வீட்டுக்கு ஒரு பெண்ணாவது வளைகுடாவில் இருப்பாள். தென்னையும் வாழையும் அடர்ந்து வெயில் தரையைத் தொடாத ஊர். அங்கிருந்து கிளம்பி வந்து அவர் நிழல் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். ஒரு சினிமா யூனிட் அந்த லங்கைக்கு வந்தபோது வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மாகோல் அட்டை பிடிக்க நாள் கூலிக்குப் போனார். யூனிட் திரும்பும்போது வேனில் ஏறிவிட்டார். பிறகு மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகள் சிரிஷாவையும் அழைத்து வந்து கிருஷ்ணா நகரில் ஒற்றை அறையில் குடிவைத்தார்.

வீரவேணிக்கு நன்றாகத் தைக்க வரும். துணை நடிகைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். ஒருமுறை யூனிட்டின் ஸ்கிம்மர் நைந்துபோக, மஸ்தான் பாய் பேகம் பஜாரில் பாராசூட் துணி வாங்கி வந்து, "இத ஒண்ணாச் சேத்துத் தைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். அறையில் விரிக்க இடமில்லை. அதனால் மாடிப்படி நெடுகத் துணியை வழியவிட்டு, மேல் படியில் மெஷினை வைத்துத் தைத்தாராம். விளிம்பு முழுக்க நாடா. அந்தத் துணிதான் நான் சேர்ந்தபோதும் இருந்தது. துவைத்துத் துவைத்துப் பழகி, காற்றில் சத்தமே போடாது. சவுண்ட் ஆட்களுக்கு அதனால் அதன் மேல் தனிப் பிரியம். லேசாகப் பழுப்பேறியிருந்தது. முகத்துக்கு அது நல்லது என்று சேஷகிரி சார் வேறு துணி வாங்க விடவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுத் துணி கட்டினால் அதன் முதல் நிழல் ஆர்ட்டிஸ்டுக்குப் போகாது. யூனிட் ஆட்கள் அதன் கீழே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்ட பிறகுதான் வேலைக்கு எடுப்பார்கள். கிழிந்து தைத்த துணிக்கும் அதேதான். வீரவேணி தைத்த துணிக்கும் அப்படி ஒரு சாப்பாடு நடந்தது.

"நாங்க எல்லாம் ஒக்காந்து சாப்பிட்டோம் டிகிரி," என்று ஒருநாள் நூகராஜு அண்ணன் சொன்னார். "தைச்சவளக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவ ரூம்ல இருந்தா. பத்து நிமிஷ தூரம்."

அதற்கப்புறம் சிரிஷா வளர்ந்தாள், நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள், ஊரில் வீடு கட்ட வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டார்கள், லங்கையிலிருந்து கிளம்பிய பெண்களோடு வீரவேணியும் கிளம்பினார். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டார் வாயில் பெயர் நுழையாததால் அங்கே அவர் பேணி.

பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் கூப்பிடுவார். இங்கே எங்களுக்கு சாயங்கால டீ வரும் நேரம். வெயிலில் போன் திரை தெரியாது என்று ஓரமாகப் போய் நூகராஜு அண்ணன் பேசுவார். வீடியோவில் அவர் முகத்தைக் காட்டுவதைவிடத் துணியைக் காட்டுவதுதான் அதிகம்.

"துணி எப்படி இருக்கு?" என்று அங்கிருந்து குரல் வரும்.

"நல்லா இருக்கு. ஒரு நாடா மட்டும் பிஞ்சு வந்துருச்சு."

"எந்த மூலை?"

"நான் பிடிக்கிற மூலைதான்."

"ஊசி எடுத்துத் தைக்கக் கூடாதா?"

"நான் தைச்சா உன் தையல் மாதிரி வருமா."

போனைத் துணியிலிருந்து தன் பக்கம் திருப்புவார்.

"அங்க வெயிலா?" என்பார் இவர்.

"வெயில்தான். மொட்டமாடியில துணி காயப்போட மட்டும் போவேன். போட்டு முடிக்கிறதுக்குள்ள மொதல்ல போட்டது காஞ்சுடும். அங்க?"

"இங்கயும் வெயில்தான்."

அவ்வளவுதான். அவர்கள் பேசியதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், யூனிட்டில் ரகசியம் பேச இடம் ஏது. ஒருமுறைகூட 'நீ எப்படி இருக்க' என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. துணி எப்படி இருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

அப்படியிருக்கையில் வீரவேணிக்கு விடுமுறை கிடைத்தது. நாலு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறார். அதே மாதம் எங்கள் படத்தின் கடைசிப் பகுதிக்குக் கோதாவரி மணல் திட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நூகராஜு அண்ணன் ஊரிலிருந்து படகில் போய் வரும் தூரம். கேள்விப்பட்டதும் மஸ்தான் பாயிடம் மூன்று தரம் உறுதிப்படுத்திக்கொண்டார்.

வேனில் போகும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ராஜமந்திரி பாலம் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"டிகிரி, இந்தத் தடவ அவளப் போகாதன்னு சொல்லப் போறேன்."

"சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது?"

"போகாதன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா? இத்தன வருஷம் படிச்சுட்டு இதத்தான் சொல்லிக் குடுக்குறியா?"

எங்களுக்கு அமலாபுரத்தில் லாட்ஜ் போட்டிருந்தார்கள். அவரை மட்டும் வீட்டுக்குப் போய்வர மஸ்தான் பாய் அனுமதித்தார். தினமும் விடிந்ததும் முதல் படகில் வந்து இறங்குவார். நான் கரையில் நின்று கேட்பேன்.

"சொன்னீங்களா?"

"நேத்து மாங்கா வெட்டிட்டு இருந்தா. ஆவக்கா போடுற நேரத்துல போயி என்னன்னு பேசுறது. கை பூரா மொளகாத்தூள்."

அடுத்த நாள், "சொந்தக்காரங்க வந்துட்டாங்க டிகிரி. குவைத்துலேருந்து வந்தவளப் பாக்க ஊரே வருது. சென்ட் பாட்டில் கேக்குறாங்க." அதற்கடுத்த நாள், "சிரிஷா ஹாஸ்டல்லேருந்து வந்துருக்கா. அம்மாவும் மகளும் ஒரே பேச்சு. நடுவுல நான் போனா, 'என்ன வேணும்'ங்கிறாங்க." இன்னொரு நாள் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படப்பிடிப்பின் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் பூசணிக்காய் உடைத்துவிட்டு யூனிட் ஹைதராபாத் திரும்ப வேண்டும். அந்த வார முடிவில் வீரவேணிக்கு விமானம்.

அன்று மதியம் அவர் படகில் வந்து இறங்கினார். ஒல்லியான பெண்மணி. நல்ல காட்டன் புடவை. ஒரு கையில் அடுக்குக் கேரியர், இன்னொரு கையில் புது ஆவக்காய் ஜாடி. நாலு வருடம் கூரைக்குள்ளேயே இருந்ததில் வெளுத்துப்போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். கரையில் போட்டிருந்த சாமியானாவுக்கு வெளியே, ஒரு சவுக்குக் கழி ஓரமாக ஒதுங்கி நின்றார். சமையல்காரரிடம் ஜாடியைக் கொடுத்து, "எல்லாருக்கும் போடுங்க, நம்ம மரத்து மாங்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

எடுக்க வேண்டியது ஹீரோயினின் முகம் மட்டும். மணலில் நின்று ஆற்றைப் பார்க்க வேண்டும், வசனம் ஒரு வரி. ஹீரோயின் கேரவனில் இருந்தார். அவர் வரும்வரை அவர் இடத்தில் நின்று வெளிச்சம் பார்க்க உதவும் பெண்ணுக்கு வெயிலில் மயக்கம் வந்து, எலுமிச்சைத் தண்ணீரோடு உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"யாரையாவது நிறுத்துங்கப்பா," என்றார் சேஷகிரி சார், மானிட்டருக்குப் பின்னாலிருந்து. "எனக்கு முகம் வேணும். டிகிரி நிக்காத, உன் மூஞ்சிய வெச்சு நான் ஹீரோயினுக்கு லைட் பண்ண முடியாது."

மஸ்தான் பாய்தான் சொன்னார். "நம்ம வேணியம்மா நிக்கட்டுமே."

"நானா? ஐயோ, வேண்டாம் பாய். ஏங்க, சொல்லுங்களேன் இவர்கிட்ட."

நூகராஜு அண்ணன் தன் மூலையில் கயிற்றோடு நின்றிருந்தார். மேலே பார்த்தபடியே சொன்னார். "நில்லு வேணி. ரெண்டு நிமிஷம்."

வீரவேணி வந்து நின்றார். நான் லைட் மீட்டரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தலையை நிமிர்த்தித் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அதுதானே தம்பி? மாடிப்படியில தைச்சது?"

"அதேதாம்மா."

"எவ்வளவு மெலிஞ்சுபோச்சு." அப்புறம் தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "இது இவ்வளவு பெருசா இருக்கும்னு எனக்குத் தெரியாது. தைக்கும்போது மடியில கொஞ்சங் கொஞ்சமாத்தானே பாத்தேன்."

"இறக்கு," என்றார் சேஷகிரி சார். "இன்னும் இறக்கு. ஆத்துப் பக்கம் பாக்கச் சொல்லு டிகிரி."

துணி இறங்கியது. நான் மானிட்டருக்கு ஓடினேன். வெளியில் பார்த்த கருவளையம் அந்தப் படத்தில் இல்லை. நெற்றி வியர்வை மின்னவில்லை, ஈரமாக மட்டும் இருந்தது. பின்னால் மணல் கண் கூசும் வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, அதன் முன்னால் அந்த முகம் மட்டும் விடியற்காலையில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு, காதில் சின்னக் கம்மல். ஆற்றைப் பார்க்கச் சொன்னதால் ஆற்றைப் பார்த்தார். ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர்கள் ஊர்த் தென்னைகள் தெரியும். நடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் சேஷகிரி சார் மெதுவாக. "இதையே வெச்சுக்குங்க."

கேமரா ஓடவில்லை. வெளிச்சம் பார்ப்பதற்கு யாரும் அதை ஓட்டுவதில்லை.

மஸ்தான் பாய் மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "டேய் மேகராஜு, உன் பொண்டாட்டியப் பாருடா. சினிமாக்காரி தோத்துருவா."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயிரம் முறை இப்படி எதையாவது சொல்லியிருப்பார், ஆயிரம் முறையும் நூகராஜு அண்ணன் மேலேதான் பார்த்திருப்பார். அன்று கீழே பார்த்தார்.

ஆற்றிலிருந்து காற்று வந்தது. துணி வயிறு புடைத்ததை நான் பார்த்தேன், மற்ற மூன்று மூலைக்காரர்களும் பார்த்தார்கள், இறுக்கினார்கள். நாலாவது மூலை தளர்ந்திருந்தது. சட்டம் அந்தப் பக்கமாக எழும்பிப் புரண்டு, ஒரு ஸ்டாண்டைச் சாய்த்து மணலில் விழுந்தது. துணி சவுக்குக் கழியில் மாட்டி நீளமாகக் கிழிந்தது. அடி யாருக்கும் படவில்லை. வீரவேணி மட்டும் அதே இடத்தில் நின்றிருந்தார், மேலே ஒன்றும் இல்லாமல். வெயில் நேராக முகத்தில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை நெற்றியில் வைத்து மறைத்தார்.

சேஷகிரி சார் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். "கயிறப் பிடிச்சுக்கிட்டு எங்கய்யா பாத்த?"

நூகராஜு அண்ணன் கையில் கயிறு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியபடியே இருந்தது.

"பாத்துட்டேன் சார்."

"என்னத்தப் பாத்த?"

"அவள."

சேஷகிரி சார் அவரையும் வீரவேணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, "சாப்பாட்டுக்கு விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டைரக்டர் கத்திய கத்தல் அப்புறம் தனியாக நடந்தது. அது எங்களுக்குப் பழக்கம்தான்.

காஸ்ட்யூம் ஆள் ஊசிநூல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். வீரவேணி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிழிசலை மடியில் வைத்துக்கொண்டார். டப்பாவில் வெள்ளை நூல் இருந்தது. அவர் சிவப்பை எடுத்தார்.

"வேணி, அது செவப்பு," என்றார் நூகராஜு அண்ணன்.

"கண்ணு தெரியுது எனக்கு."

"வெள்ளையில தைச்சா தெரியாது."

"தெரியட்டும். நாளெல்லாம் இதத்தான பாக்குறீங்க."

நான் சேஷகிரி சாரிடம் போய்ச் சொன்னேன். அந்த உயரத்திலிருந்து ஒரு நூல் நிழலாக முகத்தில் விழாது என்று அவருக்கும் தெரியும். "தைக்கட்டும்," என்றார்.

தைத்து முடித்ததும் துணியைக் கட்டித் தூக்கினார்கள். பழக்கப்படி அதன் கீழே எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தோம். நூகராஜு அண்ணன் தன் மூலைக்குப் போனார். மஸ்தான் பாய் அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் பிடிக்கிறேன். போடா, போய் ஒக்காரு. இன்னிக்கு நீ பிடிச்சது போதும்."

அவர் வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் துணி நிழலில் அவர் உட்கார்ந்து நான் அப்போதுதான் பார்த்தேன். வீரவேணி கேரியரைத் திறந்து பலாக்காய்ப் பொரியலை அவருக்கும் எனக்கும் வைத்தார். நான் எதிரில் இருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசித்தேன், போனால் தெரிந்துவிடும் என்று தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"போகாத வேணி," என்றார்.

இரண்டு வார்த்தை. இத்தனை நாளாகச் சொல்ல முடியாதது. வீரவேணி அவர் தட்டில் ஆவக்காய் வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்தார்.

"இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?"

"வந்த அன்னிலேருந்து தோணுது."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"சரி. சிரிஷா படிப்பு எப்படியாவது ஓடிரும். நான் போகலன்னே வெச்சுக்குவோம்." வீரவேணி குரலில் கோபம் இல்லை, கணக்குக் கேட்பதுபோல நிதானமாகத்தான் கேட்டார். "நான் இங்க இருந்தா, நீங்க வந்து இங்க இருப்பீங்களா? வீட்டக் கட்டி இத்தன நாளும் பூட்டித்தான வெச்சுருந்தோம். சாவி பக்கத்து வீட்டுல இருந்துச்சு. நான் மட்டும் தெறந்து உள்ள ஒக்காந்து என்ன பண்ண? சொல்லுங்க, வருவீங்களா?"

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நூகராஜு அண்ணன் வாயைத் திறந்தார். 'வருவேன்' என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் ஆற்றுப் பக்கமிருந்து மறுபடி காற்று. தலைக்கு மேலே துணி லேசாகப் புடைத்தது. அவர் முகம் தானாக மேலே போனது.

"மஸ்தான் பாய், அந்த மூலைய இறுக்குங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

வீரவேணி சிரித்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் நிஜமாகவே சிரித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா டிகிரி தம்பி. நான் கேட்டதுக்கு இல்ல, காத்துக்குத்தான் பதில் சொல்றாரு." பிறகு அவர் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க. சோறு ஆறுது," என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹீரோயின் வந்தார், சிவப்புத் தையல் போட்ட துணியின் கீழ் நின்றார், ஒரே டேக்கில் ஷாட் முடிந்தது. நூகராஜு அண்ணன் ஒரு நொடிகூடக் கீழே பார்க்கவில்லை. வீரவேணி கடைசிவரை சவுக்குக் கழி பக்கத்தில் வெயிலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் உடைத்ததும் இருவரும் ஒரே படகில் ஊருக்குப் போனார்கள். அந்த வார முடிவில் அவர் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் போய் மனைவியை அனுப்பிவிட்டு, மறுநாள் விகாராபாத் பக்கம் ஒரு காட்டில் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே கேட்டார். பொட்டல் வெளி. இடைவேளையில் ஜெனரேட்டர் வண்டியின் நிழலில் இருந்தோம்.

"டிகிரி, அன்னிக்கு மானிட்டர் டீவியில நீ பாத்தியே. அவ எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தாங்க அண்ணே."

"அது மஸ்தானே சொன்னான். எப்படின்னு சொல்லு."

சொல்லிப் பார்த்தேன். விடியற்காலை மாதிரி இருந்தது என்றேன், கம்மலைச் சொன்னேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்ததைச் சொன்னேன்.

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்குமே?"

"அது தெரியவே இல்ல."

"தெரியலையா." தலைத் துண்டை அவிழ்த்து மடித்தார். "நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள வெயில் விழுந்துருச்சு டிகிரி. கைய வெச்சு மறைச்சுக்கிட்டா. அதத்தான் பாத்தேன்."

அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வேன். இயற்பியல் படித்தவன், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியும். அவர் கேட்பது அதுவல்ல. ஒருமுறை சொல்லும்போது கம்மலை விட்டுவிட்டேன். "கம்மல்?" என்றார்.

இப்போதும் டீ வரும் நேரத்தில் போன் வருகிறது. துணி எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து வீரவேணி கேட்கிறார். இவர் போனை மேலே திருப்பி, சிவப்புத் தையலைக் காட்டுகிறார்.

சிரிஷா படிப்பை முடித்து காக்கிநாடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். லங்கையில் வீடு பூட்டியிருக்கிறது, சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. வீரவேணி குவைத்தில் அதே வீட்டில் இருக்கிறார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இப்போது சமையல் வேலை. நூகராஜு அண்ணன் கிருஷ்ணா நகரில் அதே ஒற்றை அறையில் இருக்கிறார். இந்த வாரம் கர்னூல் பக்கம் பாறைகளுக்கு நடுவில் எங்களுக்குப் படப்பிடிப்பு, நாலாவது மூலையில் அவர்தான் கயிறு பிடிக்கிறார்.